வெர்லீன் டப்ஸைப் பாராட்டி ஒரு தீர்மானம்

வெர்லீன் டப்ஸைப் பாராட்டி மாநிலப் பேரவையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அவள் காரின் பின்சீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். முந்தின இரவு பெட்டிஸ் வீட்டுப் பெண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது பாதி வழியிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். சீட்டுதான் பாழ்.

செய்தி கொண்டுவந்தவன் தொகுதி உறுப்பினன் ராண்டல் ஸ்பைவி. வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, கழுத்தில் டை, காலில் பளபளக்கும் ஷூ. இருந்தாலும் வெர்லீனைப் பார்த்தால் அவன் முதுகு தானாக நேராகிவிடும். பள்ளிக்கூட பஸ்ஸில் அவனைத் தினமும் ஏற்றி இறக்கியவள் அவள். பின்வரிசையில் ரகளை செய்தான் என்று நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்தவளும் அவள்தான்.

"மிஸ் வெர்லீன், உங்க பேரு பேரவைப் பதிவுல ஏறப்போகுது! தலைநகருக்கு வரணும். சபை நடுவுல நிக்க வெச்சு மரியாதை பண்ணுவாங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? ஆம்புலன்ஸ் இல்லாத ஊர்ல, சொந்தக் கார்ல, ஒரு பைசா வாங்காம..."

"ஆம்புலன்ஸ் மசோதா என்னாச்சு ராண்டி?"

ஸ்பைவி தன் ஷூவைப் பார்த்தான்.

லாக்கெட் மாவட்டத்தின் ஆம்புலன்ஸ் நிலையத்தை மாநில அரசு இழுத்து மூடி மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. இப்போது கூப்பிட்டால் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு வண்டி வரும். வராமல் இருக்காது, ஆனால் அதற்குள் பிறப்பது பிறந்துவிடும், போவது போய்விடும். அதனால் ஜனங்கள் வெர்லீனைக் கூப்பிட்டார்கள். அவளும் போனாள். பிரசவ வலி, நெஞ்சு வலி, ரம்பத்தில் விரலை விட்டவன் என்று எல்லோரையும் அந்தப் பழைய பச்சைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். நிலையத்தைத் திரும்பத் திறக்க ஸ்பைவி ஒரு மசோதா கொடுத்திருந்தான். அது நிதிக்குழுவில் கிடந்தது. குழுவைத் தாண்டிவிட்டால் பேரவையில் யாரும் மறுக்கப்போவதில்லை. தாண்டுவதற்குக் குழுத் தலைவர் பிரெண்டிஸ் கோல்டர் மனசு வைக்க வேண்டும்.

"அவரு அதை எடுக்கவே மாட்டேங்கறாரு மிஸ் வெர்லீன். நானும் எத்தனையோ தடவ போய் நின்னுட்டேன்."

"என்னதான் சொல்றாரு?"

"வேணாம், விடுங்க."

"ராண்டி."

அந்தக் குரல் பஸ் நாளில் கேட்ட குரல். ஸ்பைவி சொல்லிவிட்டான். "‘என்ன அவசரம் ஸ்பைவி, உங்க ஊர்லதான் அந்தம்மா இருக்காங்களே’ன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. நெஜமா. இந்தத் தீர்மானமே அவரு குடுத்த யோசனைதான்."

வெர்லீன் கையிலிருந்த பஞ்சை வாளிக்குள் போட்டாள். நிமிர்ந்து நிற்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப நான் ஓட்டறதாலதான் வண்டி வரல. அப்படித்தானே?"

"அப்படி இல்ல..."

"அப்படித்தான். உன் தீர்மானத்த நீயே கண்ணாடிச் சட்டம் போட்டு சுவத்துல மாட்டிக்கோ. நான் வரல."

வாளித் தண்ணீரை அவள் கொட்டிய வேகத்தில் பாதி ஸ்பைவியின் ஷூ மேல் விழுந்தது. அதைத் தவறுதலாக விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் ‘வரல’ என்று சொல்வது லேசு, நேபோ மலை பாப்டிஸ்ட் சபையிடம் அதைச் சொல்வதுதான் கஷ்டம். சாயங்காலத்துக்குள் சபை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பாஸ்டர் பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டார். பாடகர் குழுப் பெண்கள் எல்லோரும் ஊதா நிறத்தில் வருவது என்று முடிவாகிவிட்டது. வெர்லீனோடு ஒரே வீட்டில் இருக்கும் அவள் தங்கை ஆர்லிதா, தொப்பிப் பெட்டிகள் அத்தனையையும் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். புருஷனைப் பறிகொடுத்த பிறகு ஆர்லிதாவுக்கு இரண்டே பைத்தியம்: ஒன்று தொப்பி, இன்னொன்று பீச் பழ இனிப்பு.

"நீ வரலைன்னா நான் போய் உன் எடத்துல நிப்பேன்," என்றாள் ஆர்லிதா. "யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது? கொஞ்சம் அழகா இருக்காளேன்னு வேணா நெனப்பாங்க."

"போய் நில்லு. ராத்திரி ஃபோன் வந்தாலும் நீயே போ."

"எனக்கு ஹைவேன்னாலே கை நடுங்கும், உனக்குத் தெரியாதா? அந்த வரத்த கர்த்தர் உனக்குத்தானே குடுத்தாரு."

கர்த்தர் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பகலில் ஒன்றுமில்லை. இருட்டிவிட்டால் எதிரே வரும் வண்டியின் விளக்கு பூசணிக்காய் அளவுக்கு விரிந்து ரோட்டையே மறைத்துவிடுகிறது. இனி இரவில் ஓட்டாதே என்று கண் டாக்டர் அறுவடைக்கு முன்பே சொல்லிவிட்டார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. முந்தின இரவு பஞ்சாலை வளைவில் கார் ரோட்டை விட்டு இறங்கிச் சரளைக் கல்லில் ஓடியது. ஒரு நொடிதான். பெட்டிஸ் வீட்டுப் பெண் வலியில் இருந்ததால் குலுக்கலைக் கவனிக்கவில்லை. வெர்லீன் கவனித்தாள். விடிந்ததிலிருந்து அவள் சீட்டைத் தேய்த்துக்கொண்டிருந்ததற்குக் கறை மட்டும் காரணமில்லை.

அடுத்த தடவை அந்தச் சரளையில் கார் நிற்காமல் போகலாம். ஓட்டுவதை நிறுத்தினால் ஊருக்கு வண்டி இல்லை. ஓட்டினால் ஊருக்கு வண்டி வராது. இரண்டு நாள் இதையே மனதில் போட்டு உருட்டிவிட்டு, அவள் ஸ்பைவிக்கு ஃபோன் செய்தாள்.

"வரேன்," என்றாள். "ஆனா என்ன எழுதியிருக்கீங்கன்னு மொதல்ல நான் பாக்கணும்."

ஸ்பைவி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக அவள் வீட்டுக்கு வந்தான். சமையலறை மேஜையில் வறுத்த கோழியும் பட்டர் பீன்ஸும் சோள ரொட்டியும் இருந்தன. அவன் தட்டை நகர்த்திவிட்டுக் காகிதத்தை விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

"‘திருமதி வெர்லீன் டப்ஸ் தன்னலமற்ற சேவைக்கோர் எடுத்துக்காட்டாய் விளங்குகிறார் என்பதாலும், அன்னார் அன்பே உருவானவர் என்பதாலும், அன்னாரது பீச் பழ இனிப்பு மாவட்டம் முழுதும் புகழ்பெற்றது என்பதாலும்...’"

"அது என்னோடது!" என்று ஆர்லிதா கரண்டியோடு எழுந்துவிட்டாள். "அவளுக்கு முட்டை அவிக்கத் தெரியுமான்னு கேளு!"

"சர்ச்சுல யாரையோ விசாரிச்சு எழுதியிருக்காங்க போல..." என்று ஸ்பைவி அசடு வழிந்தான்.

"அன்பே உருவானவளா?" என்றாள் வெர்லீன். "உன்ன அன்னிக்கு நடுரோட்ல நிக்க வெச்சேனே, அந்த அன்பா? அடிச்சிடு. எல்லாத்தையும் அடிச்சிடு. பேனாவ எடு, நான் சொல்றத எழுது."

ஸ்பைவி பேனாவை எடுத்தான்.

"இந்த மாவட்டத்தோட ஆம்புலன்ஸ் நிலையத்த மாநிலம் மூடிடுச்சு. உங்க ‘என்பதாலும்’ போட்டுக்கோ. அதனால நான் ஜனங்கள ஏத்திட்டுப் போனேன். என்பதாலும். ரெண்டு பிள்ளைங்க என் கார்லயே பொறந்துச்சுங்க. என்பதாலும்."

"மிஸ் வெர்லீன், பாராட்டுத் தீர்மானத்துல இப்படியெல்லாம் எழுதறதில்ல. அது நல்லது மட்டும் சொல்ற எடம்."

"இதுல எது பொய்?"

"பொய் இல்ல. ஆனா..."

"இன்னும் முடியல. எழுது." அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "வெர்லீன் டப்ஸுக்கு ராத்திரில கண்ணு சரியாத் தெரியல. இனிமே அவ ராத்திரில ஓட்டமாட்டா. என்பதாலும்."

ஆர்லிதாவின் கரண்டி தட்டில் விழுந்தது.

"என்ன சொல்ற? எப்பலேருந்து?"

"அறுவடைக்கு முன்னாலேருந்து."

"அறுவடைக்கு முன்னாலேருந்தா! நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு என்னைய பக்கத்துல உக்கார வெச்சு இருட்டுல ஓட்டினியே! பாட்டு வேற பாடினியே!"

"பாடினது பயத்துல."

ஆர்லிதாவுக்குக் கோபத்தில் வாய் அடைத்துப்போனது. அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற விஷயமில்லை. பிறகு கோபம் வடிந்து அவள் அழுதாள். அக்காவின் கண்ணுக்காக அழுதாளா, தன்னிடம் மறைத்ததற்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. வெர்லீனுக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். தன் ஓட்டத்தில் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது ஒன்றுதான் அவள் பெருமை. அந்தப் பெருமையை அவளே இப்போது ஊரறியக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"இத பேரவை நடுவுல வாசிப்பாங்க," என்றான் ஸ்பைவி மெல்ல. "எல்லாரும் கேப்பாங்க மிஸ் வெர்லீன். நேபோ மலை ஜனங்க எல்லாரும்."

"கேக்கட்டும். நான் ஓட்டறேன்னு நெனச்சுத்தானே அந்தாளு தூங்கறாரு? எழுப்பணும்ல?"

ஸ்பைவி பேனாவை மூடித் திறந்தான். அவன் கெட்டவனில்லை, பயந்தவன். கோல்டரைப் பகைத்துக்கொண்டால் தொகுதிக்கு ஒரு சின்னப் பாலம்கூடக் கிடைக்காது. ஆனால் அவனுக்கு ஒன்று தெரியும். அந்தப் பேரவையில் எவ்வளவு அடித்துக்கொண்டாலும், பாராட்டுத் தீர்மானத்தை எதிர்த்து மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. இன்றைக்கு நீ என் ஊர்க் கிழவியை மறித்தால் நாளைக்கு நான் உன் ஊர்க் கிழவியை மறிப்பேன் என்ற பயம். அதனால் அதை யாரும் எதிர்ப்பதுமில்லை, படிப்பதுமில்லை.

"வழக்கமா நம்பரும் தலைப்பும் மட்டும்தான் வாசிப்பாங்க," என்றான்.

"முழுசா வாசிக்கச் சொல்லு."

"கேட்டா வாசிப்பாங்க. கேக்கறேன்." பேனாவை மூடி வைத்துவிட்டு, "கோழிக்கறிய இங்க தள்ளுங்க," என்றான்.

தலைநகருக்கு அவர்கள் போன அன்று நல்ல குளிர். நேபோ மலைப் பெண்கள் ஊதாவும் தொப்பியுமாய்ப் பார்வையாளர் மாடத்தின் முன்வரிசைகளை நிரப்பிவிட்டார்கள். கீழே அவையில் ஒரே சந்தை இரைச்சல். உறுப்பினர்கள் வேர்க்கடலை உடைத்தார்கள், ஃபோனைத் தடவினார்கள், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பின்வரிசையோடு அரட்டை அடித்தார்கள். பாராட்டுத் தீர்மானம் அங்கே கல்யாண வீட்டுச் சந்தனம் மாதிரி, வருகிறவர்களுக்கெல்லாம் உண்டு. அன்றைக்கு வெர்லீனுக்கு முன்னால் ஒரு பேஸ்பால் அணி, பன்றி வாட்டும் போட்டியில் ஜெயித்த ஒருவர், ஓய்வு பெறும் பல் டாக்டர் எல்லோரும் வந்து நின்று, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்று முடிந்ததும் முன்வரிசையில் ஒரு நரைத்த தலை எழுந்தது. "சபாநாயகர் அவர்களே, எல்லா உறுப்பினர்கள் பேரையும் இதுல சேத்துக்கணும்னு கேட்டுக்கறேன்." உடனே அவையில் உள்ள அத்தனை பேரும் அதைக் கொண்டுவந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அவையில் மூத்தவர் என்பதால் அந்தச் சடங்கு அவருடையது. அவர்தான் கோல்டர்.

வெர்லீன் முறை வந்தது. ஸ்பைவி அவள் முழங்கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சபாநாயகர் மேடைக்குக் கீழே நிறுத்தினான். அங்கே நிற்கிற விருந்தாளி வாய் திறக்கக்கூடாது என்பது விதி. ஸ்பைவி ஒலிவாங்கியில், "முழுசா வாசிக்கணும்னு கேட்டுக்கறேன்," என்றான். குரல் உடைந்தது. ஆனாலும் கேட்டுவிட்டான்.

அவை எழுத்தர் ஓர் இளைஞர். காகிதத்தை எடுத்துக் குதிரை ஓட்டத்தில் ஆரம்பித்தார். "லாக்கெட்மாவட்டத்தைச்சேர்ந்ததிருமதிவெர்லீன்டப்ஸ் பள்ளிப்பேருந்தை ஒருகீறலுமின்றி ஓட்டியவர்என்பதாலும்..."

கடலை உடைகிற சத்தம்தான் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. இவ்வளவுதானா? கண் போனதை எழுதிக் கொடுத்தது இந்தக் கடலைத் தோலோடு கூட்டிப் பெருக்கத்தானா?

அப்போது மாடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஆர்லிதாவின் குரல்.

"மெதுவாச் சொல்லு தம்பி!"

நேபோ மலையில் பிரசங்கியார் அவசரப்பட்டால் ஜனங்கள் சொல்கிற வார்த்தை அது. பழக்கம். அவளையறியாமல் வந்துவிட்டது. எழுத்தர் தலை தூக்கினார். சபாநாயகரின் கை மரச் சுத்தியலுக்குப் போனது. ஆனால் பாராட்டுக்கென்று தொப்பி போட்டுக்கொண்டு வந்திருக்கும் அத்தனை பெண்களை எப்படி அதட்டுவது? கை அங்கேயே நின்றுவிட்டது.

எழுத்தரும் ஏதோ ஒரு திருச்சபையில் வளர்ந்த பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அவர் குரல் இறங்கி, நிதானமானது.

"அம்மாவட்டத்தின் ஆம்புலன்ஸ் நிலையத்தை இந்த மாநிலம் மூடிவிட்டது என்பதாலும்..."

"ஆமென்!" என்றது மாடத்தின் ஒரு பாதி.

"அதன்பின் நோயாளிகளையும் பிரசவ வலி கண்ட பெண்களையும் அவர் தம் சொந்தக் காரில் ஏற்றிச் சென்றார் என்பதாலும்..."

"சொல்லு, சொல்லு!"

"அந்தக் காரிலேயே இரண்டு பிள்ளைகள் பிறந்தன என்பதாலும்..."

"ஆமென்! அதுல ஒண்ணு என் பேரன்!"

நாற்காலிகள் ஒவ்வொன்றாய் முன்பக்கம் திரும்பின. ஃபோன்கள் கீழே இறங்கின. யாரோ கடலைப் பையை மடித்து வைத்தார். எழுத்தர் அடுத்த வரிக்கு வந்து ஒரு கணம் தயங்கி வெர்லீனைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"திருமதி டப்ஸுக்கு இப்போது இரவில் கண் சரியாகத் தெரியவில்லை என்பதாலும், இனி இரவில் அவர் காரோட்டப் போவதில்லை என்பதாலும், அவருக்குப் பதிலாக அம்மாவட்டத்தில் எவருமில்லை என்பதாலும்..."

மாடத்தில் சத்தமே இல்லை. அவர்களுக்கு இது புதிது. போன மாதம்தான் அவள் காரில் போனவர்கள் அங்கே இருந்தார்கள். இந்த மாதக் கடைசியில் மகளுக்குப் பிரசவம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். வெர்லீன் மேலே பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இடத்தை விட்டு அசையவில்லை.

அந்த அமைதியில் ஆர்லிதா எழுந்து நின்றாள்.

"ஆமென்," என்றாள். "ஆமென் வெர்லீன்."

அதற்குப் பிறகு மாடம் முழுக்க எழுந்தது.

தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு எப்போதும்போல் இல்லை. ஆனால் வழக்கமாக எழும் நரைத்த தலை எழவில்லை. எல்லோரும் கோல்டரைப் பார்த்தார்கள். அவர் தம் பிரதியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். அநேகமாக அந்த அவையில் அவர் படித்த முதல் பாராட்டுத் தீர்மானம் அதுதான். இவ்வளவு பேர் பார்க்கையில் எழாமல் இருப்பது எழுவதைவிட மோசம் என்று அவருக்குத் தெரியாதா? எழுந்தார். "எல்லா உறுப்பினர்கள் பேரையும்..." என்றார்.

படம் எடுக்கும்போது அவரே வந்து வெர்லீன் பக்கத்தில் நின்று கை குலுக்கினார். நல்ல உயரம், நல்ல பல். படக்காரருக்காகச் சிரித்துக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"மனசத் தொட்டுட்டீங்க மிஸ் டப்ஸ். ஆத்துக்குப் போற அந்த ரோடு இருக்கே, அதுக்கு உங்க பேர வெச்சிடலாம். வெர்லீன் டப்ஸ் நெடுஞ்சாலை. நானே கொண்டுவரேன்."

"அந்த ரோட்டுக்குப் பேரு வேணாம் ஐயா. வண்டி வேணும்."

"பாக்கலாம், பாக்கலாம்."

"எப்ப பாக்கலாம்?"

"இப்ப சிரிங்க, படம் எடுக்கறாங்க."

"நாள் சொல்லுங்க, சிரிக்கறேன்."

கோல்டர் கையை இழுத்தார். கை வரவில்லை. காலமெல்லாம் பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்த கை அது; கண்தான் போனது, பிடி போகவில்லை. படக்காரர், "அம்மா, ஒரு சின்ன சிரிப்பு," என்றார். அடுத்து ஒரு நாட்டியப் பள்ளிக் குழந்தைகள் வரிசையில் காத்திருந்தார்கள். சபாநாயகர் கடிகாரத்தைப் பார்த்தார். மாடத்தில் அத்தனை தொப்பிகளும் கீழே குனிந்திருந்தன.

"வியாழக்கெழமை," என்றார் கோல்டர், பல்லைக் கடித்துக்கொண்டே.

"வியாழக்கெழமையாம் ஆர்லிதா!" என்று வெர்லீன் மேலே பார்த்துக் கத்தினாள். விதியாவது ஒன்றாவது. "ஆம்புலன்ஸ் மசோதாவ வியாழக்கெழமை எடுக்கறாராம்!"

"ஆமென்!" என்றது மாடம். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

வியாழக்கிழமை குழு கூடிய அறை சின்னது. நீண்ட மேஜைக்குப் பின்னால் உறுப்பினர்கள், நடுவில் கோல்டர். நேபோ மலைப் பெண்களுக்கு நாற்காலி போதவில்லை, சுவரோரம் நின்றார்கள். குழுவில் இடமில்லாத ஸ்பைவியும் அவர்களோடு நின்றான். மசோதாவைப் பேரவைக்கு அனுப்பலாம் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். ஓட்டுக்கு விட வேண்டியதுதான் பாக்கி. வெர்லீன் பேச்சாளர் மேஜைக்கு வந்து ஒலிவாங்கி முன்னால் நின்றாள். இங்கே பேசலாம்.

கோல்டர் முந்திக்கொண்டார். வாய்தா வாங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"நண்பர்களே, இவங்க யாருன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. போன வாரம்தான் இந்தப் பேரவை இவங்களப் பாராட்டிச்சு. இவங்க கஷ்டம் நமக்குப் புரியுது. இத நல்லா ஆராய்ஞ்சு, அடுத்த வருஷம் ஒரு நல்ல முடிவு எடுக்கணும்னு நான் நெனக்கறேன். அதுக்கு முன்னால, இந்தத் தாய்க்கு எல்லாரும் ஒரு தடவ பலமா கை தட்டுங்க!"

தட்டினார்கள். மனசாரத்தான் தட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றுகூடத் தட்டினார். நல்லவர்கள்தான், அடுத்த வருஷம் என்ற வார்த்தை அவர்களில் யாருக்கும் உறைக்கவில்லை. இப்படியே தட்டி, இப்படியே சிரித்து, தன்னை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று வெர்லீனுக்குப் புரிந்தது. அடுத்த வருஷத்துக்குள் எத்தனை ராத்திரி வரும்?

"தட்டினது போதும்," என்றாள் ஒலிவாங்கியில். "தட்டின கைய மட்டும் கீழ எறக்காதீங்க."

யாருக்கும் விளங்கவில்லை. சிலர் சிரித்தார்கள்.

"நெஜமாத்தான் சொல்றேன். இந்தக் குழுவுல ஓட்டுன்னா கை தூக்கறதுதானே? மசோதா மேஜை மேல இருக்கு. முன்மொழிஞ்சாச்சு, வழிமொழிஞ்சாச்சு. எனக்காகத் தட்டின கைய அப்படியே தூக்கிப் பிடிங்க. எண்ணட்டும்."

"மிஸ் டப்ஸ், கை தட்டறது வேற, ஓட்டுப் போடறது வேற," என்றார் கோல்டர்.

"எனக்கும் அது இப்பத்தான் புரியுது ஐயா. இத்தன நாள் ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். மாநிலம் மூடிடுச்சு, இவளால இனிமே ஓட்ட முடியாது, வேற ஆளில்ல. இதச் சொல்ற அந்தத் தீர்மானத்துல உங்க எல்லார் பேரும் இருக்கு. எல்லார் பேரையும் நீங்களே எழுந்து சேத்தீங்க ஐயா. நான் இனிமே ராத்திரில காரை எடுக்கமாட்டேன். யாரு கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன். எடுத்தா அவங்களக் கொன்னுடுவேன்."

சுவரோரம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

வெர்லீன் தன் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். அவள் உறுப்பினள் இல்லை. அவள் கைக்கு அங்கே கணக்கில்லை. இருந்தாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேஜையின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸின் கண்ணாடியில் பின்வரிசையைப் பார்க்கிற பார்வை.

எழுந்து நின்று தட்டியவர் முதலில் கையைத் தூக்கினார். அவருக்கு வேறு வழியும் இல்லை. அவர் பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர் தூக்கினார். பிறகு அந்தக் கோடியில் இரண்டு, நடுவில் ஒன்று. ஒருவர் பாதி தூக்கி, கோல்டரைப் பார்த்துக் காதைச் சொறிந்துகொண்டார். வெர்லீன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். காதிலிருந்த கை மெல்ல மேலே போனது.

கோல்டர் குழுச் செயலரைப் பார்த்தார். செயலர் எண்ண ஆரம்பித்துவிட்டார். எண்ண ஆரம்பித்ததை நிறுத்தச் சொல்ல எந்த விதியும் இல்லை.

வெர்லீனின் தோள் வலித்தது, முழங்கை நடுங்கியது. ஆர்லிதா ஓடிவந்து அக்காவின் கையைக் கீழிருந்து தாங்கப் பார்த்தாள்.

"விடு," என்றாள் வெர்லீன். "நான் எறக்கினா அவங்களும் எறக்கிடுவாங்க."

செயலர் ஒரு தடவை எண்ணினார். சரிபார்க்க இன்னொரு தடவை எண்ணினார். பெரும்பான்மை, மசோதா பேரவைக்குப் போகிறது என்று அவர் குறிப்பில் எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படிக்கும் வரைக்கும் அவள் கை அங்கேயே இருந்தது.